நூறிலிருந்து ஆயிரம் வரை

சடையங்குப்பம். மோட்டார் போடுமுன் நாடாவை இறக்கினேன்.
நாலு மீட்டர் பன்னிரண்டில் பீப் என்றது.
அதுதான் நிலை மட்டம்,
யாரும் தொடாதபோது தண்ணீர் தானாக நிற்கும் இடம்.
யாரும் தொடாத நாள் இங்கே எது என்று
படிவத்தில் கேள்வி இல்லை.

காலை எட்டு. முனிரத்தினம் சுவிட்சைத் தட்டினார்.
முதல் பத்து நிமிடம் நிமிர நேரமில்லை.
நிமிடத்துக்கு ஒரு பீப், ஒரு எண்,
படியில் உருளும் பாத்திரத்தைப் பிடிக்க ஓடுவதுபோல
மட்டத்தின் பின்னால் நாடா ஓடியது.
பிறகு ஐந்துக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று.
மதியத்துக்கு மேல் அரைமணிக்கு ஒன்று.
டீ குடிக்கலாம்.

நான் புள்ளி வைக்கிற தாள் ஒரு மாதிரி.
ஒன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு எவ்வளவு அகலமோ
நூறிலிருந்து ஆயிரத்துக்கும் அவ்வளவே.
பதறிய காலத்துக்கு இடம் அதிகம்,
பழகிய காலத்துக்குக் குறைவு.
"இன்னா மேடம், தண்ணிக்கு ஈசிஜியா?"
ஆமாம், இதில் கோடு நேராகப் போனால்தான்
ஆள் நன்றாக இருக்கிறான் என்றேன்.
அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

இறைத்த நீர் அதே மண்ணில் இறங்கித் திரும்பினால்
கணக்கு பொய்யாகும்.
அதனால் நூற்றைம்பது மீட்டர் ஹோஸ் போட்டு
சாக்கடையில் விட்டோம்.
சாக்கடைக்கு ஒரு சொட்டும் போகவில்லை.
பச்சைக் குடம், நீலக் குடம், மூடியில்லாத பெயிண்ட் டப்பா,
ஒரு குழந்தை குளிக்கும் தொட்டி, அதில் குழந்தையும்.

ஐந்நூற்று நாற்பதாவது நிமிடம்
பிலோமினா வீட்டுக் கிணற்றில்
மட்டம் மூன்று விரல் சறுக்கியது.
இருபத்திரண்டு மீட்டர் தள்ளி அதுதான் எங்கள் நோக்குக் கிணறு.
இரண்டு நாள் மோட்டார் போடமாட்டேன் என்று
மாதா படத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.
போய் நின்றேன். ஈரத் தலையோடு மகன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.
"அஞ்சே நிமிசம் மேடம். நைட்டு ஷிப்ட்டு அவனுக்கு."
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
540, அருகில் நீர் எடுப்பு, ஐந்து நிமிடம்.
சோப்பு வாசனைக்குக் கட்டம் இல்லை.

எழுநூறு தாண்டியதும் கோடு படுத்துக்கொண்டது.
அரைமணிக்கு அரைமணி நாடா அதே இடத்தில் பீப் என்றது.
இறைக்கிறோம், இறங்கவில்லை.
பிரியாணிப் பொட்டலங்களோடு வந்த கிரிதரன்
தாளை டார்ச் அடித்துப் பார்த்தார்.
நானூறு ஃபிளாட் கட்டப்போகிறவரின் ஆள்.
"அப்போ இது வத்தவே வத்தாதா மேடம்?"
வற்றாது என்றேன்.
அவர் அங்கேயே யாருக்கோ போன் போட்டார்.

எங்கிருந்தோ வந்து சேர்கிற நீர்தான்
கோட்டைத் தாங்கிப் பிடிக்கும்.
கிழக்கே தொண்ணூறு மீட்டரில் பக்கிங்காம் கால்வாய்.
எண்ணூர் முகத்துவாரம் வழியே
ஏற்றத்துக்கு ஏற்றம் கடல் அதற்குள் வந்துபோகிறது.
உப்புமானியை ஹோஸ் வாயில் பிடித்தேன்.
காலையில் ஆயிரத்து நானூறு.
இரவு பத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
விடியலில் இரண்டாயிரத்து எழுநூறு.
கிரிதரனிடம் சொன்னேன். தலையாட்டினார்,
"அதுக்குத்தான் ஆர்.ஓ. இருக்குதே."

மறுநாள் எட்டுக்கு நிறுத்தினோம்.
இருபத்துநாலு மணி நேர இரைச்சல் போனதும்
மின்நிலையப் பக்கமிருந்து ஒரு ரயில் கேட்டது.
மீண்டும் நிமிடத்துக்கு ஒரு பீப்,
இந்தமுறை ஏறிவருகிறது.
நாடா குறைவாக, இன்னும் குறைவாக இறங்குகிறது.
மாலையில் நாலு மீட்டர் பதினாலு.
இரண்டு சென்டிமீட்டர் பாக்கி.
மீட்சி தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று
முதல் பக்கத்தில் வரும்.
உப்பு, ஏழாம் அட்டவணை, முப்பத்தோராம் பக்கம்.
அதை முதல் பக்கத்துக்கு இழுத்துவரத்தான்
இன்றிரவு உட்கார்ந்திருக்கிறேன்.

ஹோஸைச் சுருட்டும்போது
அதில் தங்கியிருந்த நீர் வாய்வழியே கொட்டியது.
பிலோமினா குடத்தை வைத்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.
மானியைப் பார்க்கவில்லை, என்னையும்.
"துணிக்கு ஆவும்" என்று
இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.